இடது சீட்டில் யார் இருந்தார்கள்?

புதிதாக ஸ்பேனர் பிடித்திருக்கும் தம்பிகளே, போன மாதம் சேர்ந்த இரண்டு தங்கைகளே, வண்டியில் கோளாறு என்று ஒருவர் வந்து நின்றால் என்ன கேட்பீர்கள்? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, என்ன சத்தம் வருகிறது, கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்பீர்கள். நானும் முப்பத்தாறு வருஷம் அதையேதான் கேட்டேன். இப்போது என்னிடம் கேட்டால், இதை முதலில் கேளுங்கள் என்பேன்: கோளாறு வந்த நேரத்தில் வண்டியில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள்? சிரிக்காதீர்கள். நான் இதைக் கேட்காமல் விட்டதால் ஒரு பெண்ணின் வேலை கைநழுவிப் போக இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் சத்தம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரை நினைத்தாலே எனக்கு இன்னும் உட்கார முடிவதில்லை.

நான் முத்தியால்பேட்டையில் பட்டறை வைத்திருந்தவன். போன வருஷம்தான் சாவியைத் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுத்தேன். இது அதற்கு முந்தைய வருஷம் நடந்தது. அதாவது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் முழுசாக நம்பிக்கொண்டிருந்த காலம்.

பிலோமினா குருசுக்குப்பத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றை ஆரம்பித்திருந்தார். பள்ளி என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு பலகை, ஒரு கார், அவர். அவ்வளவுதான். கார் பதினாறு வயதுச் சின்ன வெள்ளைக் கார். அதன் முதல் சொந்தக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரிடமிருந்து இரண்டு கை மாறி பிலோமினாவிடம் வந்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளச் இருக்கும் அல்லவா? அதையும் பொருத்தியிருந்தார்கள். இடது கிளச்சை மிதித்தால் ஒரு இழுகம்பி வலது பக்கக் கிளச்சைக் கீழே இழுக்கும். எளிமையான வேலை.

முதல் தடவை வந்தபோது அவர் சொன்னது இது.

"அண்ணே, வண்டி கத்துது, ஆனா போவ மாட்டுது. கருகின வாடை வேற அடிக்குது."

கிளச் நழுவுகிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இருந்தாலும் முறைப்படி பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, நாலாவது கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டேன். பிளேட் நல்ல பிளேட் என்றால் இன்ஜின் அந்த இடத்திலேயே அணைய வேண்டும். இது அணையவில்லை, சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிளேட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. புது பிளேட் போட்டேன். அதோடு விட்டேனா? வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று அந்த இழுகம்பியையும் தொய்வில்லாமல் முறுக்கிக் கட்டினேன். இடது பெடலை லேசாகத் தொட்டாலே வலது பெடல் அசைந்தது. எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பிறகு எங்களைப் படுத்தியது.

மூன்று வாரம் கழித்து பிலோமினா மறுபடி வந்தார். இந்தத் தடவை வண்டி சூடாகிறது. கடைத்தெருவில் ஒரு மாணவி ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் சிவப்பைத் தொட்டுவிட்டதாம். தினமும் காலையில் தண்ணீர் குறைந்திருக்கிறதாம். ஆனால் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

இந்த மாதிரிக் கோளாறு என்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். தண்ணீர் குறைகிறது, கீழே சொட்டவில்லை, அப்படியென்றால் எங்கே போகிறது? ஹெட் கேஸ்கெட் போய் இன்ஜினே தண்ணீரைக் குடிக்கிறதா? புகையைப் பார்த்தேன், வெள்ளைப் புகை இல்லை. ஆயிலைப் பார்த்தேன், பால் மாதிரி கலங்கவில்லை. மூடியைப் பார்த்தேன், விசிறியைப் பார்த்தேன், பம்பைத் தடவிப் பார்த்தேன். கடைசியில் ரேடியேட்டரின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தபோது அதன் தகடுகள் மாவாக உதிர்ந்தன. கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு வரும் வியாதி. உப்புக்காற்று தின்றுவிடும். "கண்டுபுடிச்சிட்டேன்!" என்று நான் கத்தியதில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரேடியேட்டரை மாற்றினேன்.

அது கெட்டுப்போன ரேடியேட்டர்தான். பொய் இல்லை. ஆனால் கெட்டுப்போன ஒன்று கண்ணில் பட்டதும் அதுதான் காரணம் என்று தேடுவதை நிறுத்திவிட்டேன். பழைய வண்டியில் இந்தப் பொறி எப்போதும் காத்துக்கொண்டிருக்கும். பதினாறு வயது வண்டியில் எதைத் தொட்டாலும் அது பாதி கெட்டதாகத்தான் இருக்கும். நீங்கள் தேடுகிற கோளாறு அதுதானா என்பது வேறு கேள்வி.

அன்றைக்கு பிலோமினா போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"என் பக்கத்து கால்மிதி மேட்டு எப்பவும் ஈரமா இருக்குண்ணே. தெனம் எடுத்து வெயில்ல காய வெக்கிறேன்."

"ஏசி தண்ணியா இருக்கும்மா. ட்யூப் அடைச்சிருக்கும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அப்புறம் பார்க்கவில்லை.

மூன்றாம் தடவை அவர் வந்தபோது இரண்டும் சேர்ந்து வந்திருந்தன. கிளச் நழுவுகிறது, தண்ணீர் குறைகிறது. முகத்தில் சிரிப்பில்லை. வண்டியை நான் வாங்கி, ஹேண்ட் பிரேக், நாலாவது கியர், கிளச். இன்ஜின் டப்பென்று அணைந்தது. மறுபடி செய்தேன், மறுபடி அணைந்தது. பிளேட் நன்றாக இருக்கிறது! எங்கள் ஊர் தாம்பாளம் மாதிரி சமதரை. மேடு வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலம்தான் எங்களுக்கு மலை. அதில் ஏற்றி இறக்கினேன். தனியாகத்தான் போனேன். வண்டி குதித்துக்கொண்டு ஏறியது.

திரும்பி வந்து அவரிடம் சொன்னேன்.

"வண்டியில ஒண்ணுமில்லம்மா. உங்க பொண்ணுங்க அரை கிளச்சுலயே ஓட்றாங்க. எந்த பிளேட்டும் தாங்காது. இன்ஜின் சூடாவறதும் அதனாலதான்."

"நான் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்? அவங்க கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாம மிதிச்சிட்டிருப்பாங்க."

"எதிர்ல இருக்கிற ஸ்கூல் வண்டியையும் கத்துக்கிற ஆளுங்கதான் ஓட்றாங்க. அது கருகலியே? ஆம்பளைங்க கால்ல மட்டும் அரை கிளச் கெடையாதா?"

நான் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன். பதில் சொல்லியிருந்தாலும் தப்பான பதிலாகத்தான் இருந்திருக்கும்.

"ஒரு நாள் வந்து பின் சீட்ல உக்காருங்கண்ணே. நான் சொல்லிக்குடுக்கிறப்ப பாருங்க. அப்புறம் பேசுங்க" என்றார்.

நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம், வேலையும் இருந்தது. உண்மை என்னவென்றால், முப்பத்தாறு வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

பிலோமினா அரைமனதோடு போனார். மெக்கானிக் வாக்கு அல்லவா, அவரும் பாதி நம்பிவிட்டார். அன்றிலிருந்து மாணவிகளிடம் "கால எடு, கால முழுசா எடு" என்று கத்த ஆரம்பித்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த மாணவிகளில் ஒருத்தி அமுதா. பாகூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் வேலை. அந்தக் கேன்டீனிலிருந்து பக்கத்து யூனிட்டுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகச் சின்ன வேன் ஒன்று உண்டு. அதை ஓட்டியவர் வேலையை விட்டு நிற்கப் போகிறார். கேன்டீன்காரர் அமுதாவிடம், "இந்த மாசத்துக்குள்ள லைசென்சோட வா, வேன் உனக்கு. இல்லன்னா வேற ஆள் ரெடியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஸ்டியரிங்குக்குப் போகிற வாய்ப்பு. டெஸ்ட்டுக்கு அவளுக்குக் கிடைத்த தேதி மாதக் கடைசி. அன்றைக்குத் தவறினால் அடுத்த தேதி அடுத்த மாதம்தான், வேன் போய்விடும்.

டெஸ்ட் அன்று காலை பிலோமினா போன் செய்தார். "வண்டி சூடாயிட்டா நான் என்னா பண்றது? நீங்க மைதானத்துக்கு வந்து நில்லுங்கண்ணே. இது ஒண்ணாவது செய்ங்க" என்றார். அந்த 'ஒண்ணாவது' என்னைக் குத்தியது. ஒரு கேன் தண்ணீரையும் பையில் நாலு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மைதானத்தின் மூலையில் ஒரு மண்மேடு போட்டு வைத்திருப்பார்கள். அதில் பாதி ஏறி, வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்து ஏற்றிக் காட்ட வேண்டும். நான் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் வலது பக்கமாகப் போய் நின்றேன். லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல ஆகிருதியான மனிதர். அவர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சின்னக் கார் ஒரு பக்கம் தணிந்தது. அமுதா சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, கிளம்பினாள்.

சமதரையிலேயே இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகக் கத்தியது. மேட்டில் பாதி ஏறி நிறுத்தினாள். கியர் போட்டாள். ஆக்சிலேட்டரைக் கொடுத்தாள். இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகல் வாடை என் மூக்குக்கு வந்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டதும் வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. இன்ஸ்பெக்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. என் கண் வேறொரு இடத்தில் இருந்தது. டிரைவர் பக்க ஜன்னல் வழியாக அவள் இடது கால் தெரிந்தது. அது கிளச்மேல் இல்லை! பெடலுக்குப் பக்கத்தில் தரையில் பாதம் படிந்து இருந்தது. காலை முழுசாக எடுத்துவிட்டாள், இன்ஜின் அலறிக்கொண்டிருக்கிறது, கிளச் நழுவுகிறது. தம்பிகளே, அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அரை கிளச்சும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இத்தனை நாளும் நான் சொன்னது அத்தனையும் தப்பு.

இன்ஸ்பெக்டர் இறங்கி, பேனா மூடியைக் கழற்றினார்.

"கிளச் விடத் தெரியலம்மா. அடுத்த மாசம் வா."

அமுதாவும் இறங்கினாள். காரைப் பிடித்துக்கொண்டு தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஓடினேன். எனக்கு முட்டிவலி உண்டு, அன்றைக்கு அது எங்கே போனதோ தெரியாது.

"சார், சார்! எழுதாதீங்க. ஒரு நிமிஷம். அது அந்தப் பொண்ணு தப்பு இல்ல."

"நீ யாருய்யா?"

"மெக்கானிக் சார். கால் கீழதான் இருந்துச்சி, நான் பாத்தேன். கோளாறு வண்டியில."

"வண்டி சரியில்லாம டெஸ்ட்டுக்கு எதுக்குக் கொண்டாந்தீங்க? வேற வண்டி இருக்கா?"

"இருக்கிறதே ஒண்ணுதான் சார்" என்றார் பிலோமினா.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "வண்டி நல்லாருக்குன்னு யாரு சொன்னது?"

இதுதான் நேரம். 'ஓடி ஓடித் தேஞ்ச வண்டி சார், திடீர்னு வந்திருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் தப்பிக்கும். அந்த மைதானத்தில் நின்ற டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும், பாதிப் பேர் என் வாடிக்கைக்காரர்கள். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் சார் சொன்னேன். மூணு தடவ வண்டி என்கிட்ட வந்துச்சி. மூணு தடவையும் நான் சரியாப் பாக்கல. பொண்ணுங்க கால்ல தப்புன்னு சொன்னதும் நான்தான். அது தப்பு சார்."

பிலோமினா என்னையே பார்த்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். எதிரே இன்னொரு பள்ளியின் கார்கள் மூன்று வரிசையில் நின்றன.

"அந்த மூணும் முடியற வரைக்கும் டைம். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா எழுதிருவேன்" என்றார்.

மூன்று கார் என்றால் இருபது நிமிஷம், மிஞ்சினால் இருபத்தைந்து. என் கை தானாக பானெட்டுக்குப் போனது. உங்கள் கையும் அப்படித்தான் போகும், ஸ்கேனர் வைத்திருக்கிறவர்கள் ஸ்கேனரைச் செருகுவீர்கள். நான் கையை இழுத்துக்கொண்டேன். இருபது நிமிஷத்தில் எதையும் கழற்றிப் பார்க்க முடியாது. நின்று யோசித்தால் மட்டும்தான் வழி. மேம்பாலத்தில் இதே வண்டி எனக்கு நழுவவில்லை. இப்போது நழுவியது. ரோடு வேறு, மேடு வேறு, ஓட்டியவர் வேறு. வேறென்ன வேறு? நான் தனியாகப் போனேன். இவள் பக்கத்தில் ஆள் இருந்தது. பிலோமினா சொல்லிக்கொடுக்கும்போதும் பக்கத்தில் ஆள் இருந்தது. என் பட்டறையில் எந்த நாளும் இடது சீட்டில் ஆள் இருந்ததே இல்லை!

"பிலோமினாம்மா, போய் உங்க சீட்ல உக்காருங்க" என்றேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, மண்ணில் முட்டி போட்டு, கிளச் பெடலுக்கு நேராகக் கண்ணை வைத்தேன்.

அவர் ஏறி உட்கார்ந்தார். யாரும் தொடாமல் பெடல் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

"எறங்குங்க!" பெடல் மேலே வந்தது. "ஏறுங்க!" இறங்கியது. "எறங்குங்க! ஏறுங்க!" நான் சிரிக்கிறேன், கத்துகிறேன், தொடையில் அடித்துக்கொள்கிறேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குப் பயம். அமுதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் வாயில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்துப் பள்ளி டிரைவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ இன்ஜினைப் பிரித்திருக்கிறேன். அந்தப் பெடல் தானாக இறங்கியதைப் பார்த்த சந்தோஷம் எதிலும் கிடைத்ததில்லை.

இடது பக்கத்துக் கால்மிதி மேட்டைத் தூக்கினேன். கீழே விரிப்பு சொதசொதவென்று இருந்தது. அதையும் கிழித்து விலக்கினால், தரைத் தகடு துருவேறிப் பொத்தலாகிக் கிடக்கிறது. விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. சீட்டின் முன்கால்களும் அந்தத் தகட்டில்தான், இடது கிளச்சின் தாங்கியும் அந்தத் தகட்டில்தான். ஆள் உட்கார்ந்தால் தகடு தணியும், தாங்கி தணியும், இழுகம்பி வலது பெடலைக் கீழே இழுக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஒரு விரற்கடை. கிளச்சுக்கு அது யாரோ எப்போதும் பாதி மிதித்துக்கொண்டே இருப்பது. கம்பியில் முன்பு கொஞ்சம் தொய்வு இருந்தது. அந்தத் தொய்வையும் எடுத்துவிட்டு முறுக்கிக் கட்டியவன் யார்? இந்த மகானுபாவன்தான்.

ஆனால் தகடு ஏன் துருப்பிடித்தது? ஏசி தண்ணீர் என்று நான் சொன்னேனே, அதைப் பார்க்கத் தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தேன். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. சூடாக விழுந்தது! ஏசி தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். சூடான தண்ணீர் காரில் ஒரே இடத்திலிருந்துதான் வரும், இன்ஜினிலிருந்து. இன்ஜின் தண்ணீர் காருக்குள்ளே எதற்கு வரும்?

"ஹீட்டரு!" என்று நான் போட்ட கூச்சலில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்த கார் நின்றுவிட்டது.

"என்னய்யா ஹீட்டரு?" என்று இன்ஸ்பெக்டர் அங்கிருந்தே கேட்டார்.

தம்பிகளே, நம் ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஊர் இது. காரில் அப்படி ஒன்று இருப்பதே நமக்கு நினைவில் இருக்காது. அந்தக் குமிழை நான் வாழ்நாளில் திருகியதில்லை. குளிர்தேசம் பார்த்த அந்தச் சொல்தா மார்கழியில் போட்டிருப்பாரோ என்னவோ. ஆனால் நாம் போடாவிட்டாலும் இன்ஜின் தண்ணீர் அந்த ஹீட்டர் குழாய்க்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டியதில் அது உள்ளே அரித்துப்போய் ஓட்டை விழுந்திருக்கிறது. வண்டி சூடாகி ஓடும்போது மட்டும் கசியும். கால்மிதியையும் விரிப்பையும் நனைத்து, மிச்சம் பொத்தல் வழியாக ஓடுகிற ரோட்டிலேயே போய்விடும். நிறுத்திய இடத்தில் எப்படி ஈரம் இருக்கும்? தண்ணீர் குறைந்ததும் அதனால், தகடு துருப்பிடித்ததும் அதனால், கிளச் நழுவியதும் அதனால். இரண்டு கோளாறு என்று நினைத்தேன். ஒரே கோளாறு, கால்மிதிக்கு அடியில் ஒளிந்திருந்தது.

கண்டுபிடித்தது சரி. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. இங்கேதான் கவனியுங்கள். உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்யக் கை பரபரக்கும். சூடாக இருக்கும் இன்ஜினில் ஹோஸைக் கழற்றினால் கை வெந்துபோகும், வண்டியும் கெடும். தண்ணீர் இன்னும் ஒரு டெஸ்ட்டுக்குத் தாங்கும். இந்த நிமிஷம் தேவைப்படுவது கிளச் மட்டும்தான். ஸ்பேனரை எடுத்து இழுகம்பியை நன்றாகத் தளர்த்தினேன். பிலோமினாவை ஏறி உட்காரச் சொன்னேன், பெடல் அசையவில்லை. இடது பிரேக்கை ஆட்டி, இழுத்து, மிதித்துப் பார்த்தேன். அதன் தாங்கி முன்பக்கத் தகட்டில் இருந்ததால் உறுதியாக இருந்தது. சீட்டின் பின்கால்களையும் பார்த்தேன், அந்தப் பக்கம் தகடு கெட்டியாக இருந்தது. முன்கால்களுக்குக் கீழே, மைதானத்து ஓரம் கிடந்த பலகை ஒன்றைக் குறுக்கே கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் மறைக்காமல் சொன்னேன்.

"சார், உங்க பக்கத்து கிளச் இப்ப வேலை செய்யாது. பிரேக் வேலை செய்யும். தகடு துரு, பலகை வெச்சிருக்கேன். நீங்க ஒத்துக்கிட்டா ஓட்டட்டும்."

அவர் குனிந்து பலகையைப் பார்த்தார், பிரேக்கைத் தானே மிதித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பள்ளிக்கூட வண்டிக்கு இது ஆவாதுய்யா. இன்னைக்கு இந்தப் பொண்ணோட சரி. தகடு மாத்தி என்கிட்ட காட்டிட்டுத்தான் க்ளாஸ் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அமுதா மேட்டில் பாதி ஏறி நிறுத்தினாள். கியர் போட்டாள், கிளச்சை விட்டாள். இன்ஜின் சத்தம் கனத்து இறங்கியது. பிளேட் கவ்வும்போது வருமே, அந்தச் சத்தம். உங்களுக்குத் தெரியும். கார் ஒரு அங்குலம்கூட உருளாமல் மேட்டின் உச்சிக்குப் போய் நின்றது. பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் இறங்கி, எழுதி, கையெழுத்துப் போட்டார். பாஸ்.

இன்ஜின் ஆறும்வரை நிழலில் நின்றோம். பிறகு ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் இரண்டையும் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, தண்ணீரை நிரப்பினேன். ஹீட்டருக்கு இனி தண்ணீர் போகாது. நம் ஊரில் அது இல்லாமல் யாரும் செத்துவிட மாட்டார்கள். பிலோமினாவிடம், "மன்னிச்சிக்கோங்கம்மா. நீங்க சொன்னத நான் காதுல வாங்கல" என்றேன். "இப்ப வாங்குனீங்களே, போதும்ணே" என்றார். கோபம் முழுசாகப் போகவில்லை என்று குரலில் தெரிந்தது. போயிருக்கவும் நியாயமில்லை.

அமுதா அதுவரை தள்ளி நின்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என்னிடம் வந்தாள்.

"அண்ணே, மேட்டுல மொத தடவ நின்னப்ப நான் கால முழுசா எடுத்துட்டனா? நெஜமாவே பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. கால் தரையிலதான் இருந்துச்சி."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் எடுத்துட்டேன்னு எனக்குத் தெரியும்ணே. ஆனா மூணு வாரமா எல்லாரும் எடுக்கல எடுக்கலன்னு சொன்னதுல, என் கால் நான் சொல்றதக் கேக்கலன்னு நெனச்சிட்டேன். ராத்திரி படுத்துக்கிட்டுக்கூட கால எடுத்து எடுத்து வெச்சிப் பாத்தேன்."

நான் கோளாறு இல்லாத எத்தனையோ உறுப்புகளை வண்டிகளில் கழற்றி எறிந்திருக்கிறேன். அதற்கெல்லாம் வருத்தப்பட்டதில்லை. அன்று வருத்தப்பட்டேன். ஒரு வார்த்தையை அசட்டையாகச் சொல்லிவிட்டு நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அது பாகூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் ஒரு பெண்ணின் காலில் போய் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"உன் கால்ல ஒண்ணும் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அதை மறுபடி ஒரு தடவை சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். பிலோமினா பின் சீட்டில் சாய்ந்துகொண்டார், எனக்கு இடது சீட்டைக் காட்டினார். முத்தியால்பேட்டை வரை அமுதாதான் ஓட்டினாள். கம்பியைத் தளர்த்தியாகிவிட்டது, பலகையும் வைத்தாகிவிட்டது, காலை ஊன்றினாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் வழி முழுக்க இரண்டு காலையும் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து வந்தேன்.